பிராயா சட்டம்: குத்தகைதாரர் ஏன் பணம் கட்டினார்?

வணக்கம். கரையோரக் கடலில் மண் கொட்டிப் புது நிலம் எடுக்க வழிசெய்த, ஹாங்காங்கின் 1889ஆம் ஆண்டு பிராயா (கரையோரச் சாலை) நிலமீட்புச் சட்டத்தைப் படிக்கும்போது, "கடல் அரசுடையது என்றால் குத்தகைதாரரிடம் ஏன் பணம் வாங்கினார்கள், இது வரிதானே?" என்று கேட்டிருந்தீர்கள்.

வரி என்று எழுதிவிடாதீர்கள், ஆய்வே தடம் மாறிவிடும். இது பங்குப் பணம். கரையோர மனையை அரசிடம் குத்தகைக்கு எடுத்தவருக்கு அதன் மதிப்பே கடல் முகப்புதான். சரக்குப் படகு வாசலிலேயே வந்து நிற்கும். முன்னால் மண் கொட்டினால் அந்த வசதி போய்விடும். 1850களில் ஆளுநர் பௌரிங் இதே மாதிரி முயன்றபோது கரையோர வணிகர்கள் எதிர்த்தார்கள். 1859இல் சட்டமன்றத்தில் திட்டம் தோற்றது.

அந்தச் சிக்கலைத்தான் வணிகர் பால் சேட்டரின் 1887 யோசனை தீர்த்தது. செலவில் பங்கைக் குத்தகைதாரர் தர வேண்டும், அவர் மனைக்கு நேர் எதிரே எழும் புது நிலம் அவருக்கே. இழக்கும் முகப்புக்கு ஈடாக நிலம் கிடைத்ததால் எதிர்த்த தரப்பே பணம் கட்ட முன்வந்தது. அருமையான ஏற்பாடு என்பேன். ஆனால் கரையை நம்பிப் பிழைத்த படகுக்காரருக்கும் கூலிக்காரருக்கும் இதில் பங்கில்லை, அதையும் எழுதுங்கள்.

வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். இன்று டிராம் ஓடும் டே வூ சாலைதான் பழைய கரை. கன்னாட் சாலை புதுக் கரையாக அமைந்தது. அப்புறம், வான்சாய் பகுதிக்கான 1921 சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். அங்கும் குத்தகைதாரர் பங்கு உண்டு.