பொதுத் தச்சுப் பட்டறைக்குத் தூசி உறிஞ்சி: கேள்வி பதில்

கும்பகோணத்திலிருந்து: ஐயா, 8 பேர் சேர்ந்து ஒரு கொட்டகை எடுத்திருக்கிறோம். வட்ட ரம்பம், இழைப்பு இயந்திரம், தேய்ப்பு இயந்திரம் உள்ளன. 1 எச்.பி. உறிஞ்சி போதுமா?

போதாது தம்பி. ஆனால் எச்.பி.யை முதலில் பார்க்காதீர்கள். மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று கேட்டுத்தானே நாற்று விடுகிறோம்? இங்கும் கன அடிதான் கணக்கு, நிமிடத்துக்கு. தூள் படியாமல் ஓட, குழாயில் காற்று நிமிடத்துக்கு 4,000 அடி வேகத்தில் போக வேண்டும். அந்த வேகத்தில் 4 அங்குலக் குழாய் ஏறக்குறைய 350 கன அடிதான் கொள்ளும். 6 அங்குலக் குழாய் 780-ஐ நெருங்கும். ரம்பத்துக்கே 350 தேவை, இழைப்புக்கு இன்னும் கூடுதல். ஆகவே 2 எச்.பி.க்குக் கீழே இறங்காதீர்கள். பணம் இடம் கொடுத்தால் 3 வாங்குங்கள். விற்பனைத் தாளில் அச்சிட்டிருக்கும் கன அடி, குழாய் மாட்டாமல் அளந்தது. அதை அப்படியே நம்ப வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள். 6 அங்குலத் தாய்க்குழாய் போட்டுவிட்டு, ஒரே ஒரு 4 அங்குலக் கிளையைத் திறந்தால் தாய்க்குழாயில் வேகம் செத்துப்போகும். தூள் வண்டல் போல அடியில் படியும். 6 அங்குலத்தையே இயந்திரத்தின் வாய் வரை கொண்டுபோங்கள். இல்லையென்றால் இரண்டு கிளைகளைச் சேர்த்துத் திறங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து: எங்களிடம் பெரிய உறிஞ்சியே இருக்கிறது. ஆனாலும் கடைசி இயந்திரத்துக்கு இழுவை வருவதில்லை.

கடைமடைப் பிரச்சினைதான். தலைமடையில் எல்லா மதகும் திறந்து கிடந்தால் கடைமடைக்கு என்ன வரும்? ஒவ்வொரு கிளையிலும் தள்ளுபலகை வைத்து, ஓடாத இயந்திரத்தின் வழியை அடைத்துவிடுங்கள். நெளிகுழாயைக் கையளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். அதன் உள்வரிகள் காற்றைத் தின்றுவிடும். 90 டிகிரி வளைவு வரும் இடத்தில் இரண்டு 45 டிகிரி வளைவுகளைப் போடுங்கள்.

பலர் புழங்கும் பட்டறையில் பலகையை மூட மறப்பார்கள். எங்கள் பட்டறையில் பலகையின் உட்பகுதிக்குச் சிவப்பு வண்ணம் பூசினோம். திறந்திருந்தால் சிவப்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாசலில் நின்றே தெரியும்.

தஞ்சாவூரிலிருந்து, வீணை வேலை செய்யும் குடும்பத்துப் பெண்: பை நிறையத் தூள் சேர்கிறது ஐயா. ஆனாலும் அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை.

அம்மா, முதலில் அப்பாவை மருத்துவரிடம் காட்டுங்கள். பையில் சேர்வது கண்ணுக்குத் தெரியும் தூள். நுரையீரலின் ஆழத்துக்குப் போவது 10 மைக்ரானுக்கும் குறைந்தது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 30 மைக்ரான் துணிப்பை அதைப் பிடிப்பதில்லை, மறுபடி அறைக்குள்ளேயே ஊதுகிறது. மாலை வெயில் ஓட்டு இடுக்கு வழியே சாய்ந்து விழும்போது பாருங்கள்: மோட்டாரைப் போட்டதும் பையைச் சுற்றி மஞ்சள் மாவு மிதக்கும், பலாவின் மஞ்சள். நான் அதைப் பார்த்த அன்றே பையைக் கழற்றினேன். மரத்தூளைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் சேர்த்துவிட்டது.

உளியால் வீணைக் குடம் குடையும்போது விழும் சீவலுக்குத் துடைப்பம் போதும். உப்புத்தாள் போடும் இடம்தான் ஆபத்து. அங்கே பெரிய உறிஞ்சி உதவாது. தேய்ப்பு இயந்திரத்தோடு சிறு குழாயில் இணையும், நுண்வடிகட்டி உள்ள வேக்குவம் வேண்டும். கையால் தேய்க்கும்போது என்95 முகக்கவசம் கட்டாயம்.

திருவாரூரிலிருந்து: வடிகட்டி விலை அதிகம். காற்றை வெளியே விட்டுவிடலாமா?

விடலாம், நம் ஊருக்கு அதுவே சிறந்தது. குளிர்நாடுகளில் சூடாக்கிய காற்றை வெளியே விட மனம் வராது. நமக்கு அந்தக் கவலை இல்லை. முன்னால் ஒரு சுழல் பிரிப்பான் வைத்தால் கனத்த தூள் பீப்பாயில் விழும், மிச்சம் மட்டும் வெளியேறும். வெளிவாயை வீடுகளும் நெல் காயும் களமும் இல்லாத பக்கமாகத் திருப்புங்கள். போகும் அளவு காற்று உள்ளே வர ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். ஐப்பசி அடைமழையிலும் ஈரம்பட்டுக் கட்டியாகும் பையின் தொல்லை இல்லை.

நரசிங்கம்பேட்டையிலிருந்து: நாகஸ்வரத்துக்குப் பழைய வீட்டு ஆச்சா மரத்தை அறுத்துக் கடைகிறோம். தனி ஏற்பாடு வேண்டுமா?

கடைசல் இயந்திரத்துக்குப் பின்னால் அகன்ற முறம் போல ஒரு உறிஞ்சு வாய் வையுங்கள். என் பயம் வேறு: பழைய மரத்தில் ஆணி ஒளிந்திருக்கும். ரம்பம் அதில் பட்டுத் தெறிக்கும் பொறியை உறிஞ்சி நேராகத் தூளுக்குள் இழுத்துக்கொள்ளும். அறுக்கும் முன் காந்தம் வைத்துத் தடவிப் பாருங்கள். மாலையில் பூட்டும் முன் பீப்பாயைக் காலி செய்து, தூளைக் கொட்டகைக்கு வெளியே தள்ளி வையுங்கள். கனல் பிடித்திருந்தால் அது ஆளில்லாத இரவில்தான் மூளும்.