கட்சி சீட் தரவில்லை, சுயேச்சையாக நிற்கலாமா?

கேள்வி: இருபது வருடத்துக்கு மேல் கட்சியில் கிளைச் செயலாளர், ஒன்றியப் பொறுப்பு என்று இருந்துவிட்டேன். இந்த முறையும் சீட் இல்லை. பழனி தொகுதியில் சுயேச்சையாக நிற்க நினைக்கிறேன். என் ஓட்டு ஒட்டன்சத்திரம் தொகுதியில் இருக்கிறது. சாலை மறியல் வழக்கு ஒன்று நிலுவையில் உள்ளது. நெடுஞ்சாலைத் துறையில் எடுத்த ஒப்பந்த வேலை முடிந்துவிட்டது, பில் பணம்தான் வரவில்லை. மனு தள்ளுபடி ஆகுமா? ஜெயித்தால் கட்சிக்கே திரும்பலாமா?

பதில்: நீங்கள் பயப்படும் மூன்று விஷயங்களும் உங்களைத் தடுக்காது. நீங்கள் கேட்காத ஒன்றில்தான் சுயேச்சைகளின் மனு அதிகம் சிக்குகிறது: முன்மொழிபவர்களின் கையெழுத்து.

முதலில் உங்கள் சந்தேகங்கள். பரிசீலனை நாளில் 25 வயது நிரம்பி, தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு சட்டமன்றத் தொகுதியில் வாக்காளராக இருந்தால், எந்தப் பொதுத் தொகுதியிலும் நிற்கலாம். ஓட்டு வேறு தொகுதியில் இருப்பதால், உங்கள் பெயர் உள்ள வாக்காளர் பட்டியல் பக்கத்தின் சான்றிட்ட நகலை ஒட்டன்சத்திரம் வாக்காளர் பதிவு அலுவலரிடம் வாங்கி மனுவுடன் வையுங்கள். விட்டுப்போனால் பரிசீலனையின்போதாவது காட்டியாக வேண்டும்.

நிலுவை வழக்கு தகுதியைப் பறிக்காது. தண்டனை விதிக்கப்பட்டால்தான் தகுதியிழப்பு பற்றிய பேச்சு. ஆனால் முதல் தகவல் அறிக்கை எண், காவல் நிலையம், நீதிமன்றம், சட்டப்பிரிவு எல்லாவற்றையும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் எழுத வேண்டும். மனு வாபஸுக்கான கடைசி நாள் முடிந்தபின், அதே விவரத்தைச் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரமாக வெளியிட வேண்டும். அந்தச் செலவும் உங்கள் தேர்தல் கணக்கில் ஏறும்.

ஒப்பந்த விஷயத்தில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு தெளிவாக இருக்கிறது. உங்கள் பக்கத்து வேலை முழுதாக முடிந்திருந்தால், அரசு பணம் பாக்கி வைத்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாகக் கருத மாட்டார்கள். வேலை முடிந்ததற்கான சான்றைத் துறையிடம் எழுத்தில் வாங்கிக் கையில் வையுங்கள். பரிசீலனை மேசையில் எதிர்வேட்பாளரின் வக்கீல் இதைக் கிளப்பினால், வாய்ப்பேச்சு நிற்காது, காகிதம்தான் நிற்கும்.

இனி கையெழுத்து. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் பழனி தொகுதி வாக்காளர்களாகவே இருக்க வேண்டும். உங்கள் ஊர்ச் சொந்தக்காரர்கள் ஒட்டன்சத்திரம் பட்டியலில் இருந்தால் அவர்கள் கையெழுத்து செல்லாது. வேட்புமனுப் படிவமான படிவம் 2பி-யில் நீங்கள் நிரப்ப வேண்டியது இரண்டாம் பகுதி. முதல் பகுதியை அடித்துவிடுங்கள். ஒவ்வொருவரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் வாக்காளர் அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள், நடப்புப் பட்டியலைப் பார்த்து எழுதுங்கள். பட்டியல் திருத்தப்படும்போது அந்த எண்கள் மாறிவிடும். கைநாட்டு வைப்பவரைத் தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னாலோ, அதற்கென அனுமதிக்கப்பட்ட அதிகாரி முன்னாலோதான் வைக்கச் சொல்ல வேண்டும். வீட்டிலேயே வைத்துக் கொண்டுவந்தது செல்லாது.

2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு நிராகரிக்கப்பட்டது நினைவிருக்கும். பத்துப் பேரில் இரண்டு பேர், அது எங்கள் கையெழுத்தே இல்லை என்று சொன்னார்கள். இரண்டு பேர் விலகினால் மிச்சம் எட்டு, எட்டு போதாது. இதற்கு ஒரே பாதுகாப்பு, ஒரு தொகுதிக்கு நான்கு மனு வரை தரலாம் என்ற சலுகை. நான்கு செட்டுக்கும் வேறு வேறு பத்துப் பேரைப் பிடியுங்கள். நான்கில் ஒன்று தேறினால் போதும், நீங்கள் வேட்பாளர். டெபாசிட் 10,000 ரூபாய் ஒரே முறைதான். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 5,000. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் அது திரும்பி வரும்.

படிவம் 26-ல் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது. சொத்து இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதுங்கள். கோடு போட்டு விடாதீர்கள். வெறுங்கட்டம் இருந்தால் அலுவலர் நோட்டீஸ் தந்து நிரப்பச் சொல்வார், அதன்பிறகும் விட்டால் நிராகரிக்கலாம் என்பது 2013-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த நடைமுறை. மனைவி, சார்ந்திருப்போர் சொத்துகளும் கடன்களும் இதில் வரும். நோட்டரி முன் உறுதி செய்து கையெழுத்திட வேண்டும். தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கை, மனு தருவதற்குக் குறைந்தது ஒரு நாள் முன்பே திறந்துவிடுங்கள்.

மனு வாங்கும் நேரம் காலை 11 முதல் மாலை 3 வரை. கடைசி நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் இரண்டு நாளில் கொடுத்தால், குறை கண்டால் புதிதாக ஒரு செட் தர அவகாசம் இருக்கும். மனு கொடுத்த கையோடு, அரசியல் சாசனத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற வேட்பாளர் உறுதிமொழியை எடுத்து, அதற்கான சான்றையும் வாங்கிவிடுங்கள். மனு தந்த பிறகு, பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் இது முடிந்தாக வேண்டும். பரிசீலனையன்று காலை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த ஒன்றாலேயே மனு போய்விடும்.

ஜெயித்தால் கட்சிக்குத் திரும்பலாமா என்பது நீங்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டிய கேள்வி. சுயேச்சையாக வென்றவர் அதன்பின் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும், அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணைப்படி பதவி பறிபோகும். சபாநாயகரிடம் மனு போனால் அவர் முடிவு செய்வார். வெளியிலிருந்து ஆதரவு தரலாம், உறுப்பினர் அட்டை மட்டும் வாங்கக் கூடாது. வாங்கத்தான் வேண்டுமென்றால் முதலில் ராஜினாமா, பிறகு இடைத்தேர்தல்.

தோற்றாலும் ஒரு வேலை பாக்கி உண்டு. தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கான செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். நீங்கள் 40,000 மட்டுமே செலவழித்திருந்தாலும், முடிவு அறிவித்த 30 நாளுக்குள் ரசீதுகளோடு கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். தோற்ற மனவருத்தத்தில் இதை விட்டுவிடும் சுயேச்சைகளைத் தேர்தல் ஆணையம் 3 ஆண்டு தகுதிநீக்கம் செய்யலாம். கணக்கைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.