எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது

போன தடவை என் பழைய ஃபியட் பற்றி இரண்டு வரி எழுதியது தப்பாகிவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, பழைய காருக்கு முன்பக்கம் டிஸ்க் பிரேக் மாற்றிய கதைகள்.

கே: அப்பாவின் அம்பாசிடருக்கு முன்பக்கம் டிஸ்க் போட்டேன். இப்போது பெடலை ஏறி மிதித்தால்தான் வண்டி நிற்கிறது. மெக்கானிக் "ஓட்ட ஓட்டப் பழகிடும் சார்" என்கிறார். (முத்தியால்பேட்டை)

ப: பழகாது, முட்டிதான் வலிக்கும். டிரம் பிரேக்கில் சுற்றுகிற டிரம்மே உள்ளே உரசுகிற ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும், அதனால் மிதி லேசாக இருக்கும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, உங்கள் கால் தருகிற அழுத்தம்தான், அதற்காகத்தான் டிஸ்க் உள்ள கார்களில் பெரும்பாலும் வேக்குவம் பூஸ்டர், அதாவது இன்ஜினின் உறிஞ்சு சக்தியால் மிதிக்குக் கைகொடுக்கும் டப்பா, வைக்கிறார்கள். வண்டி பெட்ரோலா டீசலா என்று எழுதவே இல்லையே நீங்கள்? பெட்ரோல் என்றால் இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வேக்குவம் எடுக்கலாம். டீசலில் அது போதுமான அளவு கிடைக்காது, தனி வேக்குவம் பம்ப் வேண்டும். மிதியின் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கிற மாஸ்டர் சிலிண்டரை டிஸ்க்குக்கு ஏற்ற அளவில் மாற்றினாரா என்றும் கேளுங்கள். பதில் சொல்ல இழுத்தால் வேறு மெக்கானிக்கைப் பாருங்கள். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம்.

கே: டிஸ்க் போட்டால் மழையில் வழுக்காது அல்லவா? (மஞ்சக்குப்பம்)

ப: வழுக்குவது டயர். அதை முதலில் பாருங்கள்.

கே: டிஸ்க் மாற்றிய பிறகு பத்து கிலோமீட்டர் ஓடினாலே முன்சக்கரம் கொதிக்கிறது, வண்டி பிடித்துக்கொண்டே ஓடுகிறது. (நெல்லிக்குப்பம்)

ப: எனக்கும் இதே கதைதான். கடலூரிலிருந்து புதுச்சேரி வரும்போது கன்னியகோயில் தாண்டுவதற்குள் சக்கரத்தில் புகை, பின்னால் வந்த ஆட்டோக்காரர் கத்திச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில் ஒரு சின்ன வால்வு இருக்கும், காலை எடுத்த பிறகும் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்மில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் உண்டு, அதனால் தொந்தரவில்லை. டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் இல்லாததால் பேட் உரசிக்கொண்டே இருக்கும். அந்த வால்வில் கை வைப்பதற்கு முன் பெடலில் கொஞ்சம் ஃப்ரீ பிளே, அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் சின்ன ஆட்டம், இருக்கிறதா பாருங்கள், அதற்குச் செலவில்லை.

கே: பிரீமியர் பத்மினி காருக்கு டிஸ்க் செட், "புதுசு" என்று வீடியோவில் காட்டினார்கள். 26,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். வந்தது பழைய காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்துகிற பாகம்), மேலே சிவப்பு பெயிண்ட். பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது, வீலும் காலிப்பரில் இடிக்கிறது. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்கிறார் கடைக்காரர். பில்லுக்குப் பதில் எஸ்டிமேட் சீட்டுதான் கொடுத்தார். (திருப்பாதிரிப்புலியூர்)

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, பெயிண்டுக்கு அடியில் துரு இருப்பதை வீடியோவில் யார் பார்க்க முடியும்? ஆனால் அந்த எஸ்டிமேட் சீட்டு இருக்கிறதே, அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் எழுந்து போய்விடுவார்கள். "பில் போட்டா வரி கூடும் சார்" என்று நமக்கு உபகாரம் செய்வது போலச் சொல்வார்கள், நாமும் ஏதோ மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் தலையாட்டுவோம், அவர் மிச்சம் பிடித்தது பிறகுதான் தெரியும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அதேதான், பில்லில் காலக்கெடு போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. சுவரில் என்ன எழுதி மாட்டியிருந்தாலும் சரி. காலிப்பரைத் தேய்த்து வீலை உட்கார வைக்கப் பார்க்காதீர்கள், வந்தபடியே போட்டோ எடுங்கள். வீடியோ, வாட்ஸ்அப் பேச்சு, பணம் போன விவரம் மூன்றும் சாட்சிதான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள், மசியாவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆறப் போடாதீர்கள்.

கே: மூன்றாவது முறையாக எழுதுகிறேன். இப்போது வாங்கிய செகண்ட் ஹேண்ட் பூஸ்டரும் காற்று விடுகிறது. (லாஸ்பேட்டை)

ப: பில்? போன இரண்டு தடவையும் இதையேதான் கேட்டேன். நாலாவது கடிதத்தில் அதன் நகலும் இருக்கட்டும்.

கே: டிஸ்க்குக்குத் தனி பிரேக் ஆயிலாம், விலை இரண்டு மடங்கு. வாங்கலாமா? (வில்லியனூர்)

ப: வேண்டாம். டப்பாவில் டாட் 3, டாட் 4 என்று ஆயிலின் தரம் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். டாட் 5 சிலிக்கான், மற்றதோடு கலக்கக் கூடாது. திறந்து வைத்த டப்பாவை மட்டும் வாங்காதீர்கள், காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், நம் கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம்.

கே: உங்கள் ஃபியட்டில் இப்போது டிஸ்க்கா, டிரம்மா? (கடலூர் முதுநகர்)

ப: நாலும் டிரம். லேத்தில் கடைந்து, லைனிங் மாற்றி, வீல் சிலிண்டர் கிட் போட்டதும் ஊருக்குள் ஓட்ட அதுவே போதுமாக இருக்கிறது. கழற்றிய டிஸ்க் செட் பரணில் கிடக்கிறது. விற்கலாம் என்றால், சென்னை புதுப்பேட்டையில் எஸ்டிமேட் சீட்டுக்கு வாங்கியது, எதைக் காட்டி விற்பது?