வாரத்துக்கு எட்டுக் காட்சி

வணக்கம். நியூயார்க்கில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, டிவி தொடரில் பார்த்துப் பிடித்துப்போன நடிகை நாயகியாக நடிக்கிறார் என்று ஒரு மியூசிக்கலுக்கு டிக்கெட் எடுத்தோம். உள்ளே போனால் கையேட்டில் ஒரு துண்டுச் சீட்டு: இன்று அவருக்குப் பதில் வேறொருவர். இது ஏமாற்று இல்லையா? பன்னிரண்டு மணி நேரம் ஷூட்டிங்கில் நிற்கிறவர்களால் இரண்டரை மணி நேரம் பாட முடியாதா? டிக்கெட் விற்கத்தான் இவர்களைப் போடுகிறார்களா?
ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

டிக்கெட் விற்கத்தான் போடுகிறார்கள், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் வராமல் போனதற்காக அந்த நடிகையை நான் குறை சொல்ல மாட்டேன். வாரத்தின் வேலையைப் பங்கிட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சி. ஆறு நாள் வேலை, அதில் இரண்டு நாள் மதியமும் இரவும். ஷூட்டிங்கில் பன்னிரண்டு மணி நேரம் நின்றாலும் வசனம் துண்டு துண்டாகத்தான் வரும். மைக் தலைக்கு மேலேயே தொங்கும், முணுமுணுத்தால் போதும். தொண்டை கட்டினால் வேறு காட்சியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பாட்டு பெரும்பாலும் ஸ்டுடியோவில் முன்பே பதிந்தது. மேடையில் இந்த வசதி எதுவும் கிடையாது. நெற்றி மயிரோரம் சின்ன மைக் ஒட்டியிருக்கும். ஆடி முடித்த மூச்சிரைப்பையும் சேர்த்தே அது பெரிதாக்கும்.

நாயகி உச்சத்தில் பிடிக்கும் சுரங்களில் குரல்நாண்கள் நொடிக்கு 500 தடவைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன. தொடர்ந்து மோதினால் வீக்கம் வரும். முதல் அறிகுறி பலருக்கும் தெரிவதில்லை: கத்திப் பாட வரும், மேல் சுரத்தை மெதுவாகப் பாட வராது. அப்போது நிறுத்தாமல் இன்னும் அழுத்திப் பாடினால் வீக்கம் கூடும். நாணில் உள்ள மெல்லிய ரத்தக்குழாய் வெடித்தால் பேச்சே கூடாது, முழு மௌனம்தான். ஆவி பிடிப்பது, தண்ணீர் குடிப்பது, குழலில் ஊதிக் குரலைப் பதப்படுத்துவது எல்லாம் உதவும். ஓய்வுக்கு அவை ஈடாகாது.

பாட்டைவிட, கத்திப் பேசும் வசனம் குரலை அதிகம் கெடுக்கும். 'மை ஃபேர் லேடி' மியூசிக்கலின் நாயகி எலைசா இதற்குச் சரியான உதாரணம். முதல் பாதியில் தெருப் பூக்காரியாகக் கத்தி, அழுது, அலற வேண்டும். பிறகு அதே தொண்டையில் மென்மையான உச்சக் குரலில் பாட வேண்டும். 2001இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் இந்த வேடத்தை ஏற்ற மார்ட்டின் மெக்கட்ச்சன், 'ஈஸ்ட்எண்டர்ஸ்' என்ற பிரிட்டிஷ் டிவி தொடரால் வீடுதோறும் தெரிந்த முகம். உடல்நலம் கெட்டுப் பல காட்சிகளுக்கு அவரால் வர முடியவில்லை, பத்திரிகைகள் கேலி செய்தன. மறு வருடம் சிறந்த இசை நாடக நடிகைக்கான, லண்டன் நாடக உலகின் ஆலிவியர் விருது அவருக்கே கிடைத்தது. திறமை இருந்தது, தாங்குவதற்கான ஏற்பாடு இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஏற்பாடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 'ஃபன்னி கேர்ள்' என்ற பிராட்வே மியூசிக்கல் இருக்கிறது. நாயகி மேடையை விட்டு இறங்குவதே அபூர்வம். 2022 செப்டம்பரில் 'க்ளீ' தொடரின் லீ மிஷேல் இதில் சேர்ந்தபோது, வியாழக்கிழமைக் காட்சி ஜூலி பென்கோவுக்கு என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். மிஷேல் 1995இல் குழந்தையாகவே பிராட்வே மேடை ஏறியவர். அவருக்கே ஏழு காட்சிதான். இது புதிய யோசனையும் அல்ல, 1979இல் 'எவீட்டா' மியூசிக்கலில் நாயகி பாட்டி லுபோனுக்கு மதியக் காட்சிகளில் மாற்று நடிகை இருந்தார்.

இப்படிக் கிழமை குறித்து நடிப்பவர் ஆல்டர்நேட். தேவைப்பட்டால் மட்டும் வரத் தயாராக வெளியே காத்திருப்பவர் ஸ்டாண்ட்பை. அன்றாடம் சிறு வேடத்தில் நடித்துக்கொண்டே நாயகியின் பாகத்தையும் படித்து வைத்திருப்பவர் அண்டர்ஸ்டடி. நீங்கள் பார்த்தவர் இவர்களில் யாராக இருந்தாலும் அரைகுறையாக வந்தவர் அல்ல.

சொல்லப்போனால், ஓடிக்கொண்டிருக்கும் நாடகத்தில் நடுவில் சேரும் டிவி நட்சத்திரத்துக்குத்தான் ஒத்திகை குறைவு. சில வாரம் ஒரு கூடத்தில், தரையில் ஒட்டிய டேப்பைச் சுவராகவும் படிக்கட்டாகவும் நினைத்துக்கொண்டு, ஒரு பியானோவோடு பழகுவார். பெரும்பாலும் சொல்லிக்கொடுப்பவர் இயக்குநர்கூட அல்ல. மேடை மேலாளரும் நடனத் தலைவரும்தான். முழுக் குழுவோடு, உடை விளக்குகளோடு ஒத்திகை அநேகமாக ஒரே தடவை. முதல் வாரத்தில் பிழை நடப்பது பாட்டில் அல்ல, அரை நிமிடத்தில் உடை மாற்றி மூச்சு வாங்காமல் அடுத்த வரியை எடுக்க வேண்டிய இடத்தில். சேர்ந்த முதல் வாரத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

பணத்தைப் பற்றி: நியூயார்க்கில் நடிகரின் பெயர் நாடகத்தின் பெயருக்கு மேலே அச்சாகியிருந்து அவர் வரவில்லை என்றால், திரை உயர்வதற்கு முன் டிக்கெட் கவுண்டரில் கேட்டால் பொதுவாகப் பணம் திரும்பக் கிடைக்கும், அல்லது வேறு நாளுக்கு மாற்றித் தருவார்கள். உட்கார்ந்து பார்த்துவிட்டால் கிடைக்காது. லண்டனில் நடிகர்களை மாற்றும் உரிமையை டிக்கெட் விதியிலேயே வைத்திருப்பார்கள், அங்கே இதை எதிர்பார்க்க வேண்டாம். வாங்கும் முன் நாடகத்தின் இணையதளத்தில் நாயகி வராத தேதிகள் போட்டிருக்கிறதா என்று மகளைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.