மருத்துவர் பதில்: கத்தினான், கடித்தான், அடங்காத பையனா?

கேள்வி: மதுரையில் பி.எஸ்சி நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். குழந்தைகள் வார்டு போஸ்டிங்கில் ஆட்டிசம் உள்ள ஆறு வயதுப் பையனுக்கு ரத்தம் எடுக்கப் போனோம். நாலு பேர் பிடித்தும் முடியவில்லை, என் கையைக் கடித்துவிட்டான். 'செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க' என்றார் சீனியர் அக்கா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இது வளர்ப்பால் வருவதா? (வாசகி, திருமங்கலம்)

பதில்: முதலில் உங்கள் கை. தோல் கிழிந்திருந்தால் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா, வார்டு இன்சார்ஜிடம் சொன்னீர்களா, கடைசியாக டி.டி. ஊசி எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள்.

ஆட்டிசம், அதாவது மூளை வளர்ச்சியிலேயே இருக்கும் வேறுபாடு, வளர்ப்பால் வருவதில்லை. பாசமில்லாத தாய்தான் காரணம் என்று 1950, 60களில் அமெரிக்காவில் பெரிய பெரிய ஆட்களே எழுதினார்கள். 1977இல் இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு மரபணுவின் பங்கைக் காட்டிய பிறகு அந்தப் பேச்சு எடுபடவில்லை. நம் ஊரில்தான் அது செல்லம், செல்போன், தனிக்குடித்தனம் என்று வேறு வேஷத்தில் சுற்றுகிறது. தடுப்பூசி மேலும் பழி உண்டு, அதைக் கிளப்பிவிட்ட 1998ஆம் வருஷத்து லான்செட் மருத்துவ இதழ்க் கட்டுரையை அந்த இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. தட்டம்மை-ருபெல்லா இரண்டாவது ஊசி போடுவது 16-24 மாதத்தில், பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையே என்று வீட்டில் கவலைப்பட ஆரம்பிப்பதும் ஏறக்குறைய அதே வயதில்தான், அவ்வளவுதான் சங்கதி.

உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது (எங்கே என்று கேட்காதீர்கள்) மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் எட்டு வயது மகளைக் கூட்டி வந்தார். பிள்ளை பேசாது, கட்டில் கம்பியில் மடார் மடார் என்று தலையை இடித்துக்கொண்டே இருந்தது. "எப்பயும் இப்படி அடிச்சுக்க மாட்டா சார், நேத்துல இருந்துதான்" என்று அந்த அம்மா இரண்டு தடவை சொன்னார். கேஸ் ஷீட்டில் 'ஆட்டிசம்' என்று எழுதிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் வேறொருவர் காதில் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே முழுக்கச் சீழ். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை ஒரு ராத்திரி முழுக்க அதோடு கிடந்திருக்கிறது, நான் அந்த ஒரு வார்த்தையை எழுதியதோடு பரிசோதனையை நிறுத்திவிட்டதால்.

உங்கள் பையனுக்கும் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். ஸ்பிரிட் வாடை, டியூப் லைட்டின் உய்ங் சத்தம், கையை இறுக்கும் ரப்பர், ஒரே நேரத்தில் நாலு குரல், இதில் யாரும் அவனிடம் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லவே இல்லை. நமக்குச் சும்மா தெரிகிற சத்தமும் தொடுதலும் இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தாங்க முடியாததாக இருக்கும்.

அடுத்த தடவை அவன் வந்தால், எது பிடிக்கும் எதற்குப் பயப்படுவான் என்று முதலில் அவன் அம்மாவிடம் கேளுங்கள். கூட்டம் சேரும் முன் முதல் ஆளாகக் கூப்பிடச் சொல்லுங்கள். டாக்டரிடம் கேட்டு, மரத்துப்போகிற க்ரீமை ஒரு மணி நேரம் முன்பே தடவி வைக்கலாம். அவன் பேசாவிட்டாலும் அவனிடம்தான் பேசுங்கள், ஒருவர் மட்டும். கண்ணைப் பார் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். அந்த ரப்பரை அவன் கையிலேயே கொடுத்து, முதலில் உங்கள் கையில் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.