லிவ், லீவ்: மாத்திரைக் கணக்கு ஆங்கிலத்துக்குப் பொருந்துமா?

கேள்வி: ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளிடம் யாராவது ஊரைக் கேட்டால், 'ஐ லீவ் இன் மேலூர்' என்று நீட்டியே சொல்கிறாள். 'லிவ்' என்று குறுக்கிச் சொல்லும்படி திருத்தினேன். மறுநாள் செம்மறியாட்டையும் 'ஷிப்' என்று குறுக்கிவிட்டாள். தமிழில் குறிலும் நெடிலும் எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் எதைக் கொண்டு பிரித்தறிவது?
– ஒரு வாசகி, மேலூர்

பதில்: உங்கள் மகளின் காதில் குறையில்லை, 'படு' என்பதையும் 'பாடு' என்பதையும் அவள் ஒருநாளும் குழப்பிக்கொண்டிருக்க மாட்டாள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, கண்ணிமைக்கும் நேரமோ கைந்நொடிக்கும் நேரமோ ஒரு மாத்திரை என்று தொல்காப்பியக் காலத்திலேயே அளந்து வைத்துவிட்டோம். அந்த அளவுகோலை அப்படியே ஆங்கிலத்தின் மேல் வைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மாட்டுத்தாவணியில் பேருந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டைப் போட்டுப் பிடிக்கிறோமே, அந்தச் 'சீட்'டையும், விதைக் கடையில் பொட்டலமாக வாங்கும் 'சீட்'டையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். ஆங்கிலேயர் பேச்சிலோ, இருக்கையைக் குறிக்கும் சொல் தொண்டை அதிராத மெய்யில் முடிவதால் அதன் ஈகாரம் வெட்டுப்பட்டுக் குறுகுகிறது. விதையைக் குறிக்கும் சொல் அதிர்வுள்ள மெய்யில் முடிவதால் ஈகாரம் நன்றாக நீள்கிறது. குறுகிய அந்த ஈகாரம், உட்காரச் சொல்லும் 'சிட்' என்பதிலுள்ள ஒலியின் நேரத்தை ஏறக்குறைய நெருங்கிவிடும். ஆகவே நேரத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம்.

உண்மையான வேறுபாடு நாக்கிலும் உதட்டிலும் இருக்கிறது. மகளைக் கண்ணாடி முன் நிறுத்தி 'லீவ்' என்று சொல்லச் சொல்லுங்கள்: உதடுகள் சிரிப்பதுபோல் பக்கவாட்டில் விரியும், நாக்கு மேலே ஏறி இறுகும். பிறகு நம் 'இ'யிலிருந்து 'எ'வை நோக்கி மெல்ல இறங்கி, பாதி வழியில் நிற்கச் சொல்லுங்கள். உதடு தளர்ந்து, நாக்கு சற்றே தாழ்ந்து நிற்கும் அந்த இடமே 'லிவ்', 'ஷிப்', 'சிட்' ஆகியவற்றின் உயிரொலி. 'ஃபுல்', 'ஃபூல்' இணையும் அப்படியே. குறுகியது நம் 'உ'வுக்கும் 'ஒ'வுக்கும் இடையில் இருக்கிறது.

எழுத்தை ஓரளவே நம்பலாம். ஆங்கில எழுத்தில் 'ஹாப்பிங்' (hopping) என்பதில் மெய் இரட்டிப்பதும் 'ஹோப்பிங்' (hoping) என்பதில் ஒற்றையாக நிற்பதும் நல்ல அடையாளங்கள். ஆனால் 'கிட்' (kit) என்பதன் ஈற்றில் e என்ற ஊமை எழுத்தைச் சேர்த்தால் 'கீட்' வராமல் 'கைட்' வருகிறதே, ஏன்? பழைய ஆங்கிலேயர் 'டைம்' என்பதை ஏறத்தாழ 'டீம' என்றே ஒலித்தார்கள். 15ஆம் நூற்றாண்டு தொடங்கி நெடில்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தபோதே, 1476இல் வில்லியம் காக்ஸ்டன் என்ற அச்சாளர் இங்கிலாந்தில் அச்சகம் வைத்துவிட்டார். எழுத்து அச்சில் உறைந்தது, ஒலி நகர்ந்துபோனது.

இதற்காக ஆங்கிலத்தைப் பழிக்கும் முன் நம் சுவடிகளையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஓலையில் புள்ளி இடாமல் எழுதியதால் எகர ஏகாரங்களை இடம்பார்த்தே பிரித்துப் படித்தார்கள்; இன்றைய வடிவ வேறுபாட்டை வகுத்த பெருமை, மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவருக்கு (1680–1747) உரியதாகச் சொல்லப்படுகிறது. ஆங்கிலத்துக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

இனி, 'குறுக்கு', 'நீட்டு' என்ற சொற்களைச் சில நாள்கள் வீட்டில் தவிர்த்துவிடுங்கள். ஓர் ஆட்டுப் படத்தையும் கப்பல் படத்தையும் மேசையில் வைத்து, நீங்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, அவள் சொல்லும் சொல்லுக்கு எந்தப் படம் என்று நீங்களே சொல்லுங்கள். நீங்கள் தவறாகச் சொன்னால் அவளே உதட்டைத் திருத்திக்கொண்டு மறுபடி சொல்வாள்.