ஆஃப் சீசன் யோகா முகாம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடற்கரை ஓட்டல் ஒன்றில் ஐந்து நாள் யோகா முகாம். கூட்டம் வராத மாதம் என்பதால் கட்டணம் பாதிதான். பணம் கட்டப் போகும் நேரத்தில் தயக்கம் வந்துவிட்டது. "பாயை விரித்தால் வீட்டிலேயே செய்யலாம், இதற்காக மழையிலும் காற்றிலும் போய் உட்கார வேண்டுமா?" என்கிறார் கணவர். எனக்கு வயது 52. வாரம் இரண்டு நாள் வகுப்புக்குப் போகிறேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த மாதத்தில் கடலில் இறங்க முடியாது, நீச்சல்குளமும் மூடியிருக்கும் என்கிறார்கள். நிகழ்ச்சி நிரலில் பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை 'ஓய்வு' என்று மட்டும் போட்டிருக்கிறது. அவ்வளவு நேரம் என்ன செய்வது? நீங்கள் இப்படிப்பட்ட முகாம்களுக்குப் போவதுண்டு என்று எழுதியிருந்தீர்கள். போகலாமா?

ர.

அன்புள்ள ர.,

போகலாம். உங்கள் கணவர் சொல்வதும் சரிதான். ஆசனங்களுக்காக மட்டும் என்றால் போக வேண்டியதில்லை. வீட்டில் செய்யும் அதே ஆசனங்களைத்தான் அங்கேயும் செய்யப் போகிறீர்கள், சொல்லப்போனால் வீட்டைவிடச் சுமாரான இடத்தில். விளம்பரப் படத்தில் இருக்கும் கடலோர மரமேடையை மறந்துவிடுங்கள். காற்று அடிக்கிற மாதத்தில் வகுப்பு நடப்பது பெரும்பாலும் கல்யாண வரவேற்பு நடக்கிற ஹாலில்தான். ஒரு மூலையில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். கார்ப்பெட்டில் ஈரவாடை. கடலைப் பார்த்த கண்ணாடியில் உப்பு வெள்ளையாகப் படிந்து கடலே தெரியாது. சவாசனத்தில் படுத்தால் நேர் மேலே ஏசி துவாரம். சவாசனத்தில் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், ஒரு போர்வையும் காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் போவது நீங்கள் பயப்படுகிற அந்த நான்கு மணி நேரத்துக்காக.

வீட்டில் பாயைச் சுருட்டி வைத்த அடுத்த நிமிடம் யாராவது கூப்பிடுவார்கள், போன் அடிக்கும். சீசனில் ஓட்டலுக்குப் போனாலும் இதே கதைதான்: பாட்டு, படகுச் சவாரி, குழந்தைகளின் கூச்சல், சாப்பாட்டு வரிசை. ஆஃப் சீசனில் அந்த ஓட்டலுக்கு நம்மைச் சந்தோஷப்படுத்தும் எண்ணமே இருக்காது. ஒரு மாடியையே பூட்டி வைத்திருப்பார்கள். வரவேற்பில் ஒரே ஒருவர், அவரும் ஏதோ கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். யோகத்தின் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது, பிரத்தியாகாரம் ஐந்தாவது. புலன்களை வெளியிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்வது என்று அதை வகுப்பில் விளக்குவார்கள். இழுத்துக்கொள்ளும் திறமை எனக்குக் கிடையாது. ஆனால் வெளியில் எதுவுமே இல்லாத இடத்தில் போய் உட்கார்ந்தால் பாதி வேலை தானாக நடந்துவிடுகிறது.

முதல் நாள் மதியம் சுகமாகத் தூங்கிவிடுவீர்கள். இரண்டாம் நாள்தான் சிக்கல். தூக்கம் வராது, சலிப்பு வரும், அப்புறம் காரணமில்லாத ஓர் எரிச்சல். பக்கத்து அறைக்காரர் கதவைச் சாத்தும் விதம்கூடப் பிடிக்காது. கை போனைத் தேடும். நிறைய பேர் அன்றைக்கே வாடகைக் கார் பிடித்து ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் கிளம்பாதீர்கள். புத்தகம் கொண்டுபோனால் ஒன்று போதும், அதுவும் ஏற்கெனவே படித்ததாக இருக்கட்டும். மூன்றாம் நாள் அந்த எரிச்சல் மெல்ல வடியும், பெரும்பாலும். வடியாமல் போகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு இந்தச் சங்கதி ஒத்துவராது என்று விட்டுவிட வேண்டியதுதான்.

உடம்பு விஷயம். வாரம் இரண்டு வகுப்பு போகிறவர் திடீரென்று தினம் இரண்டு வகுப்பு செய்தால் வலிக்கத்தான் செய்யும். பழக்கமில்லாத பயிற்சியால் வரும் தசைவலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கும். அதாவது சலிப்பும் வலியும் சேர்ந்தே வரும். அது போகட்டும். ஆனால் முன்னால் குனியும்போது உட்காரும் எலும்பின் பக்கத்தில் சுருக்கென்று குத்தினால் அது வேறு. தொடைப் பின்தசை எலும்போடு சேருகிற தசைநாரின் வலி அது, ஆற மாதக்கணக்காகும். உடனே முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள், ஆசிரியர் "இன்னும் கொஞ்சம்" என்று சொன்னாலும் சரி. மாத்திரை சாப்பிடுவதை முதல் வகுப்புக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். சிரசாசனம் போன்ற தலைகீழ் ஆசனங்கள், மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி, மூச்சை அடக்கும் கும்பகம் மூன்றையும் உங்கள் டாக்டரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.

கடற்கரை முகாம்களில் ஆசிரியர்களுக்குப் பிடித்த வாக்கியம் ஒன்று உண்டு: "அலையோசையோடு மூச்சைச் சேருங்கள்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஓரளவு நியாயமும் உண்டு. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்றால் ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி. தூரத்துக் கடலில் கிளம்பிவரும் நீண்ட அலைகளும் ஏறக்குறைய அந்த இடைவெளியில்தான் கரையைத் தொடும். இந்த ஆறுக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், லத்தீனில் ஜெபமாலை சொன்னவர்களுக்கும் மந்திரம் ஜெபித்தவர்களுக்கும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. ரத்த அழுத்தத்தைச் சமன்செய்கிற அனிச்சைச் செயலும் கூர்மையானது. ஆனால் நீங்கள் போகிற மாதத்தில் பக்கத்துக் காற்று கிளப்புகிற குட்டை அலைகள்தான் இருக்கும். நாலைந்து விநாடிக்கு ஒன்று, அதுவும் தாறுமாறாக. அதோடு மூச்சைச் சேர்த்தால் மூச்சும் தாறுமாறாகத்தான் போகும். கடல் அதுபாட்டுக்கு இரையட்டும், நீங்கள் மனசுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

துணி காயாது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும், உப்புக்காற்று பட்ட துணி எப்படிக் காயும்? வகுப்புக்கு ஒரு ஜோடி என்று கணக்குப் பண்ணி எடுத்துப் போங்கள். யோகா மேட்டும் வழுக்கும், மேலே விரிக்க ஒரு பருத்தித் துண்டு வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத கடலில் இறங்காதீர்கள். இந்த மாதங்களில் உயிர்காப்பாளர்கள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள், உள்ளே இழுக்கும் நீரோட்டம் கரையிலிருந்து பார்த்தால் அமைதியான பகுதி மாதிரிதான் தெரியும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள். முகாம் நடத்துகிறவருக்கு இல்லை, நேரே ஓட்டலுக்கு. அந்தத் தேதிகளில் பழுதுவேலை ஏதாவது நடக்கிறதா என்று கேளுங்கள். ஓட்டல்காரர்கள் டைல்ஸ் மாற்றுவதும் குழாய் உடைப்பதும் கூட்டமில்லாத இந்த மாதங்களில்தான். தியானத்தின் நடுவே மேல்மாடியில் டிரில்லிங் மிஷின் ஓடினால் பிரத்தியாகாரமாவது ஒன்றாவது. முகாம் நடத்துகிறவரிடம் கேட்க வேண்டியது வேறு: ஆள் சேராமல் ரத்தானால் பணம் திரும்ப வருமா, எத்தனை நாளில், யார் தருவார்? எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பின் தெரியாத ஒருவரோடு அறையைப் பகிரச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அந்த நான்கு மணி நேரமும் அவருடைய குடும்பக் கதையில் போய்விடும். தனி அறைக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள், பேரம் பேசுங்கள். அறைகள் எப்படியும் காலியாகத்தான் கிடக்கின்றன.